சுகர் மெஷின் சரி, மாதச் செலவை யார் எழுதுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேப்பரில் 'இனி ஊசி வேண்டாம், செயற்கைக் கணையம் வந்தாச்சு' என்று தலைப்புப் போட்டு, சுகரைப் பார்த்து இன்சுலினைத் தானே செலுத்துகிற மெஷின் பற்றி அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. அன்று காலை பத்து மணிக்குள் எனக்கு நான்கு போன். மூன்றாவது போன் என் சித்தப்பா. வயது 68, இருபது வருஷமாக சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர். "ஏம்ப்பா, பாப்பாவுக்கு மாட்டியிருக்கியே அதே மெஷின்தானே, எனக்கும் ஒண்ணு சொல்லி வையேன், மாத்திரையை விட்டுடலாம்" என்றார். அவருக்கு விளக்கம் சொல்லியே அந்த ஞாயிறு போய்விட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் மகளுக்கு 13 வயது. ஏழு வயதில் டைப் 1 என்று தெரிந்தது. சித்தப்பாவுக்கு இருப்பது டைப் 2. அவர் உடம்பில் இன்சுலின் இன்னும் சுரக்கிறது, போதுமான அளவுக்கு வேலை செய்யவில்லை. என் மகளுக்குச் சுரப்பதே கிட்டத்தட்ட இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்களை எதிரி என்று நினைத்து அழித்துவிட்டது. மிட்டாய் சாப்பிட்டு வந்ததல்ல (ஆறு வருஷமாகக் கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, பேப்பரில் ஒரு தடவை அச்சாகட்டும்). உங்கள் கட்டுரை இரண்டையும் 'சர்க்கரை நோயாளிகள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது. இந்த மெஷின் செய்கிற வேலை இன்சுலினைக் கூட்டிக் குறைப்பது. டைப் 2-விலும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் சிலருக்குப் பயன்படலாம், ஆனால் மாத்திரையில் இருக்கிற சித்தப்பாவுக்கு இதில் ஒன்றுமே இல்லை.

மெஷின் மோசம் என்று சொல்ல வரவில்லை, எங்கள் வீட்டில் அது சாமி மாதிரி. அது வருவதற்கு முன் ராத்திரி முழுசாகத் தூங்கிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பன்னிரண்டு மணிக்கு நான், மூன்று மணிக்கு அவள் அம்மா. டார்ச் வெளிச்சத்தில் தூங்குகிற பிள்ளையின் விரலைப் பிடித்துக் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மீட்டர் ஐந்து வரை எண்ணி முடிக்கிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். 62 என்று குறைவாகக் காட்டினால் குளுக்கோஸ் கரைத்து அரைத் தூக்கத்திலேயே குடிக்க வைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். ராத்திரி 'லோ' ஆனது, அதாவது சுகர் ரொம்ப இறங்கியது, தெரியாமலே போய்விடுமோ என்ற பயம் டைப் 1 பிள்ளை இருக்கிற வீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது அவள் கையில் ஒரு சென்சார், இடுப்பில் ஒரு பம்ப், அதிலிருந்து வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய். தோலுக்கு அடியில் இருக்கிற நீரில் சுகர் எவ்வளவு என்று சென்சார் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை சொல்கிறது. அது ஏறுமுகமா இறங்குமுகமா என்று கணக்குப் போட்டு பம்ப் இன்சுலினைக் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும், இறங்கப் போகிறது என்று தெரிந்தால் நிறுத்தியே விடும். மாட்டிய முதல் ராத்திரி பழக்கதோஷத்தில் மூன்று மணிக்கு எழுந்து போய்ப் பார்த்தேன். 118, நல்ல அளவு. அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து திரையில் சுகரைக் காட்டும் கோடு நேராகப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்ட முதல் மெஷினுக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது 2016 செப்டம்பரில். உங்கள் கட்டுரையில் அது இருந்தது. அதற்கு முன்பே டானா லூயிஸ் என்ற டைப் 1 பெண், சென்சாரின் அலாரம் தன்னை எழுப்புகிற அளவுக்குச் சத்தமாக இல்லை என்பதற்காக பிற்பாடு தன் கணவரான ஸ்காட் லைப்ராண்டோடு சேர்ந்து வீட்டிலேயே வேலையை ஆரம்பித்து, கடைசியில் பம்பையே தானாக ஓட வைத்து, 2015-இல் அந்த முறையை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார். 'ஓப்பன் ஏபிஎஸ்' என்று அதற்குப் பெயர். இதை விட்டுவிட்டீர்களே என்று எனக்கு வருத்தம். இந்தக் கதை தொடங்கியது தூக்கம் கெட்ட ஒரு நோயாளியின் வீட்டில்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'எல்லாம் தானாகவே' என்று எழுதியிருந்தீர்கள். இல்லை சார். சாப்பாட்டுக்கு முன்னால் எத்தனை கிராம் மாவுச்சத்து என்று நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். வீட்டில் மூன்று இட்லி என்றால் கணக்குப் போட்டுவிடலாம். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தி. சாம்பாருக்குச் சோறு, ரசத்துக்குச் சோறு, நடுவில் பாயாசம், "வளர்ற பிள்ளை, வைங்க வைங்க" என்று யாரோ ஒரு பெரியம்மா சொல்ல இலையில் இன்னொரு கரண்டி. அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள், நான் இலையைப் பார்க்கிறேன். குத்துமதிப்பாக 90 கிராம் என்று போட்டோம். மிச்சத்தை மெஷின் ராத்திரி வரை சரிக்கட்டியது, அந்த மட்டில் அது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் தோலுக்கு அடியில் போகிற இன்சுலின் முழு வேகத்தில் வேலை செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், சாப்பாடு அதற்குள் ரத்தத்துக்கு வந்துவிடும். அதேபோல் கொடுத்த இன்சுலினைத் திரும்ப எடுக்கவும் முடியாது. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் கொஞ்ச நேரம் சூடாகவே இருக்குமல்லவா, அந்த மாதிரி.

ஊசி வேண்டாம் என்பதும் பாதி உண்மைதான். வயிற்றில் சொருகும் குழாய் செட்டை இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், அதைச் சொருகுவதே ஊசியால். எங்களுடைய சென்சாரை வாரம் ஒரு முறை மாற்றுகிறோம். நம் ஊர் வெயிலில் வேர்த்து ஒட்டுப்பட்டை கிளம்பி வந்துவிடும், அதன் மேல் இன்னொரு பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். போன சித்திரையில் ஒரு நாள் சாயங்காலம் சுகர் 340-க்குப் போய்விட்டது. பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கிறது, இறங்கவே இல்லை. பக்கத்து வீட்டில் சாப்பிட்ட கேக் என்று நினைத்து இரண்டு மணி நேரத்தைக் கோட்டைவிட்டோம். செட்டைப் பிடுங்கிப் பார்த்தால் உள்ளே போகிற பிளாஸ்டிக் குழாய் ஜூஸ் ஸ்ட்ரா மாதிரி மடங்கிக் கிடக்கிறது, ஒரு சொட்டு இன்சுலின் உள்ளே போகவில்லை. பம்பில் இருப்பது வேகமாக வேலை செய்து சீக்கிரமே தீர்ந்துவிடும் இன்சுலின் மட்டும்தான், நாள் முழுக்க நிற்கிற இன்சுலின் அவள் உடம்பில் கிடையாது. அதனால் சில மணி நேரம் தடைப்பட்டாலே கீட்டோன் (இன்சுலின் இல்லாதபோது உடம்பு கொழுப்பை எரிப்பதால் ரத்தத்தில் சேர்கிற அமிலம்) ஏறி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டுவிடும். அன்றைக்கு பேனா மாதிரி இருக்கிற இன்சுலின் பென்னில் ஊசி போட்டுத்தான் தப்பித்தோம். இப்போதும் ஃபிரிட்ஜில் பென் இல்லாமல் நாங்கள் இருப்பதில்லை. கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது பென்னைத் தூக்கிப் போட்டுவிடப் போகிறார்கள்.

அப்புறம், காசு. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. பம்புக்கு மனைவியின் நகை போனது, அது ஒரு தடவையோடு முடிந்தது. சென்சார், செட், இன்சுலின் எல்லாம் சேர்த்து எங்களுக்கு மாதம் இருபதாயிரத்தைத் தாண்டுகிறது. இது எவ்வளவு காலத்துக்கு என்றால் அவள் ஆயுசு முழுக்க. காப்பீட்டுக்குப் போனால் 'ஏற்கெனவே இருக்கிற நோய்' என்று ஒரு நிறுவனம் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. இன்னொன்று ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் என்றது. பிள்ளை படுக்காமல் இருக்கத்தானே இந்த மெஷினே!

இங்கிலாந்தில் 2023 டிசம்பரில் அவர்களுடைய மருத்துவ மதிப்பீட்டு அமைப்பான நைஸ் இதைப் பரிந்துரைத்தது. 2024 ஏப்ரலிலிருந்து ஐந்து வருஷத்தில் படிப்படியாக அரசு மருத்துவச் சேவையிலேயே கொடுப்பது என்று திட்டம், பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் முதல் வரிசையில். நம் ஊரில் நாளைக்கே எல்லாருக்கும் பம்ப் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை, அது நடக்காது என்று எனக்கும் தெரியும். அரசு ஆஸ்பத்திரியில் இன்சுலின் இலவசம், 2021-இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சித்தப்பா மாதிரி ஆட்களுக்கு மாத்திரை வீடு தேடி வருகிறது, நல்ல விஷயம். டைப் 1 பிள்ளைகளுக்கு அதே மாதிரி மீட்டரில் சுகர் பார்க்கிற டெஸ்ட் ஸ்ட்ரிப்பாவது போதுமான அளவு வரட்டும், அடுத்ததாக சென்சார். சுகர் எவ்வளவு என்று பார்க்கவே வழியில்லாத பிள்ளைக்கு தானியங்கி பம்ப் பற்றிப் பேசி என்ன ஆகப் போகிறது?

ஒரு சின்ன விஷயம், நான்காவது போன் பற்றி. அவர் குத்தாமலே சுகர் பார்க்கிற மோதிரம் ஒன்றின் விளம்பரத்தை அனுப்பி, இது மலிவாக இருக்கிறதே என்றார். தோலைத் துளைக்காமல் தானே சுகர் அளப்பதாகச் சொல்கிற எந்த வாட்சையும் மோதிரத்தையும் நம்பாதீர்கள் என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்திருக்கிறது. தப்பான நம்பரை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. இதையும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள்.

அடுத்த முறை இந்த மெஷின் பற்றி எழுதும்போது யாருக்கு என்பதையும் மாதச் செலவையும் முதல் பத்தியிலேயே சேர்த்துவிடுங்கள். சித்தப்பாவிடம் நானே மறுபடி பேசிக்கொள்கிறேன், ஞாயிறு சொன்னதை அவர் இன்னும் நம்பவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்