கிரைண்டர் போன இடம்

அன்புள்ள தோழிக்கு,

உன் லெட்டர் வந்து ரெண்டு வாரம் ஆச்சுடி, பதில் போட லேட்டாயிடுச்சு, கோச்சுக்காத. பையன் காலேஜுக்குப் போனப்புறம் வீட்ல நாங்க ரெண்டு பேருந்தான், அதனால சின்ன அபார்ட்மென்ட்டுக்கு மாறிட்டோம். மூட்டை கட்டறப்பதான் இத்தனை வருஷத்துல எவ்ளோ சேத்து வச்சிருக்கோம்னு தெரிஞ்சுது. நீயும் பரண் பூரா சாமான் கெடக்கு, தூக்கிப் போடவும் மனசு வரல, எடைக்குப் போடவும் மனசு வரலன்னு எழுதியிருந்தல்ல, அதைப் படிச்சதும் உனக்கு இதைச் சொல்லியே ஆகணும்னு தோணுச்சு.

இங்க சியாட்டில் பக்கம் ஏரியாவுக்கு ஏரியா பை நத்திங்னு, அதாவது 'எதையும் வாங்காதே'ன்னு ஃபேஸ்புக் குரூப் இருக்கு. 2013 ஜூலைல பெயின்பிரிட்ஜ் தீவுல ஆரம்பிச்சது, சியாட்டில்லேர்ந்து ஃபெர்ரில 35 நிமிஷம், நீ வந்தப்போ தூரத்துலேர்ந்து காட்டினேனே அதே தீவு. ரெபெக்கா ராக்ஃபெல்லர், லீஸல் கிளார்க்னு ரெண்டு ஃப்ரெண்ட்ஸ், கடற்கரைல ஒதுங்கற பிளாஸ்டிக்கைப் பாத்து மனசு கேக்காம, புதுசு வாங்கறதையே கொறைக்கணும்னு தொடங்கினாங்களாம். விக்கக் கூடாது, பண்டமாத்தும் கூடாது. வேணாங்கறதைச் சும்மா குடுக்கலாம், வேணுங்கறதைக் கேக்கலாம், அவ்ளோதான். பழைய துணிக்குப் பாத்திரக்காரர்கிட்ட உங்கம்மா பேரம் பேசுவாங்களே, அந்தப் பேச்சுக்கே இங்க எடமில்ல.

என்னோட ரெண்டு லிட்டர் கிரைண்டரைத்தான் முதல்ல போட்டேன். 110 வோல்ட்டுங்கறதால ஊருக்கும் கொண்டு வர முடியாது, எங்க ரெண்டு பேருக்கு மாவு மிக்ஸிலயே முடிஞ்சுடுது. கல்லு தெரியற மாதிரி ஃபோட்டோ எடுத்து, மூடில ஒரு ஓரம் விரிசல் இருக்குன்னும் எழுதிட்டேன். நம்மாளுங்க யாராவது கேப்பாங்கன்னு நெனச்சேன், ஒரு தெலுங்குக்காரம்மா கேட்டாங்க, கூடவே ரெண்டு தெரு தள்ளி இருக்கற ஒரு அமெரிக்கரும் கேட்டார். அவர் வீட்லயே சாக்லேட் செய்றாராம்! கோகோ கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி நம்ம கிரைண்டர் கல்லுல ஒரு நாள் முழுக்க, சில நேரம் அதுக்கும் மேல ஓடவிட்டாத்தான் நைஸா வருமாம், அதுக்காகவே இந்த மெஷினைத் தேடி வாங்கறவங்க இங்க நிறைய பேர் இருக்காங்களாம், எனக்கு அதுவரைக்கும் தெரியாது. முதல்ல கேட்டவங்களுக்கே குடுக்கணும்னு இல்ல, ஒரு நாள் விட்டுப் பாருன்னு குரூப்ல சொல்வாங்க, அப்படியே விட்டேன். மறுநாள் அந்த அம்மாவே "எங்கிட்ட ஏற்கனவே ஒண்ணு இருக்கு, அவருக்கே குடுங்க"ன்னு எழுதிட்டாங்க.

அவர் வந்து கல்லைத் தூக்கி மோந்து பாத்துட்டு என்ன வாசனைன்னு கேட்டார். உளுந்து, வெந்தயம்னு சொன்னேன். சாக்லேட்ல ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் கட்டி தட்டிடுமாம், கழுவி நாலு நாள் காய வைக்கறேன்னார். என் பையனுக்கு இட்லி மாவு அரைச்ச கல்லு அது, கார்ல ஏத்தறப்போ தொண்டை அடைச்சுது, ஆனா எங்க போகுது, யார் கையில போகுதுன்னு பாத்துக் குடுத்ததால ராத்திரி நிம்மதியா தூங்கினேன். அதையே குப்பை லாரில ஏத்தியிருந்தா தூங்கியிருப்பேனான்னு தெரியல.

எல்லாமே இப்படி அமையல. ஒருத்தர் சோஃபா வேணும்னு மூணு தடவ வரேன்னு சொல்லி வரவே இல்ல, வாசல்ல வச்சது மழைல நனைஞ்சு வீணாப் போச்சு, இன்னும் வருத்தம் இருக்கு.

குடுக்கறதைவிட கேக்கறதுதான்டி கஷ்டம். போன வருஷம் அம்மா வந்திருந்தப்போ பாத்ரூம்ல வழுக்கி விழப் பாத்தாங்க, நாலு மாசத்துக்கு வாக்கரும் குளிக்கற சேரும் வேணும், புதுசா வாங்கினா அப்புறம் அதை என்ன செய்றது. கை நீட்டிக் கேக்கக் கூடாதுன்னு வளந்தவங்க நாம, ரெண்டு நாள் டைப் பண்ணி டைப் பண்ணி அழிச்சேன். கடைசில போட்டேன், ஒரு மணி நேரத்துல மூணு பேர் தரேன்னாங்க. அதுல ஒரு பெரியவர், மனைவி தவறி ஆறு மாசம் ஆகுதாம், அவங்க வாக்கரை நல்லாத் தொடச்சு, தரையைக் கீறாம லேசா நகர்றதுக்கு அதோட கால்ல புது டென்னிஸ் பால் மாட்டி அவரே கொண்டாந்து குடுத்தார். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, அவர் கையைப் பிடிச்சு "நல்லா இருங்க"ன்னாங்க, அவர் ரொம்ப நேரம் கையை விடவே இல்ல. கேட்டதால அவருக்கும் ஏதோ பாரம் எறங்கியிருக்கும்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

உங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல குட்மார்னிங்கும் தண்ணி லாரியும் மட்டுந்தான் வருதுன்னு சொன்னல்ல, அதுலயே ஆரம்பியேன். ஏழைக்குத் தானம் பண்றோம்னு போடாத, அப்படிப் போட்டா தேவை இருக்கறவங்களும் கூச்சப்பட்டுக் கேக்க மாட்டாங்க. எதுல என்ன ரிப்பேர்னு ஒளிக்காமச் சொல்லு. பொண்ணோட பழைய கார் சீட்டை மட்டும் யாருக்கும் குடுத்துடாத, அதுக்கு எக்ஸ்பைரி தேதி உண்டு, அடியிலயோ பின்னாடியோ போட்டிருக்கும் பாரு. அந்தத் தேக்குத் தொட்டிலை முதல்ல போடு, உங்க மூணாவது மாடில மருமக மாசமா இருக்கான்னு எழுதியிருந்தியே. முதல் ஆளா நீயே அந்தக் குரூப்ல ஏதாவது ஒண்ணு கேட்டும் பாரு, என்ன கேட்டன்னு எனக்கு எழுது.

அம்மாவோட முட்டி வலி இப்ப பரவால்ல, உன்னை ரொம்ப விசாரிச்சாங்க.

அன்புடன்,
உன் தோழி