ஈரக் கை மீது பழி வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மாவட்டத்துப் பட்டறை ஒன்றில் துளையிடும் இயந்திரத்தைத் தொட்ட இளைஞர் மின்சாரம் தாக்கி இறந்த செய்தியைச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் படித்தேன். ‘ஈரக் கையோடு இயந்திரத்தைத் தொட்ட அலட்சியமே விபத்துக்குக் காரணம்’ என்று அதில் முடிவாகவே எழுதியிருந்தது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கோத்தகிரியிலும் குன்னூரிலும் பட்டறையில் நிற்பவனுக்குக் கை காய்வது ஏது? தேயிலைத் தொழிற்சாலைகளின் ரோலர்களுக்கும் விசிறிகளுக்கும் பழுது பார்த்தே பிழைக்கும் எனக்கு, இறந்துபோன பிள்ளையின் மேலேயே பழியைப் போட்ட அந்த ஒரு வரி பொறுக்கவில்லை.

இயந்திரத்தின் இரும்பு உடலுக்கு மின்சாரம் எப்படி வந்தது என்பதல்லவா முதல் கேள்வி? பேஸ் எனப்படும் மூன்று மின்கம்பிகளில் ஓடும் மோட்டாரின் உடலை இரண்டு தனித்தனி இணைப்புகளால் எர்த் செய்ய வேண்டும், அதாவது நிலத்தோடு இணைக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே சொல்லப்பட்டிருந்தது. என் பட்டறைக்கு இணைப்பு வாங்கியபோது, மின்சாரம் நிலத்துக்குள் இறங்குவதற்கு உள்ள எர்த் தடையை அளந்ததாகச் சோதனை அறிக்கையில் கையெழுத்திட்டவர் பட்டறை வாசலைக்கூட மிதிக்கவில்லை. பிறகு நானே கருவியை இரவல் வாங்கி அளந்து, பாறை தட்டாத வேறோர் இடம் தேடி, கரியும் உப்பும் இட்டு இன்னொரு எர்த் குழி போட்டேன். மேல்மண்ணுக்குக் கீழே பாறையாக இருக்கும் இந்த மலையில், மாசி, பங்குனியில் ஈரம் வற்றியதும் எர்த் தடை ஏறிவிடுகிறது. அது 20 ஓம் என்றால், 230 வோல்ட்டில் 11 ஆம்பியருக்குச் சற்று மேலேதான் நிலத்துக்குள் ஓடும். 16 ஆம்பியர் பியூஸ் அசையாமல் நிற்க, இயந்திரத்தின் உடலில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அதனால்தான் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இங்கே கட்டாயம் தேவை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். பியூஸ் காப்பது கம்பியை. ஆளைக் காப்பது இதுதான். மூடுபனி நாட்களில் அது அடிக்கடி விழுந்து இணைப்பைத் துண்டிக்கிறதென்று சிலர் அதைத் தவிர்த்துக் குறுக்கே ஒயர் போட்டுவிடுகிறார்கள். மோட்டாரின் கம்பிச்சுற்றான வைண்டிங்கில் ஈரம் இறங்கியிருப்பதைத்தான் அது சொல்கிறது. மின்காப்பை அளக்கும் மெகர் வைத்துப் பார்த்து, ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் மோட்டாரைக் காயவைக்க வேண்டுமே தவிர, காவலைக் கழற்றக் கூடாது.

இதைவிடக் கொடியது, எர்த் குழிக்குச் செலவழிக்க மனமின்றி மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியையே இயந்திரத்தின் உடலில் கட்டிவிடுவது. பக்கத்துப் பட்டறை லேத், தொட்டால் விறுவிறுவென்று பிடிக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். டெஸ்ட் விளக்கின் ஒரு முனையை லேத்தின் படுகையிலும் மறு முனையைத் தரையில் அடித்த கம்பியிலும் வைத்தேன். விளக்கு முழு வெளிச்சத்தில் எரிந்தது. மேலே சில்வர் ஓக் கிளை விழுந்து நியூட்ரல் கம்பி அறுந்திருந்ததால், திரும்பிப் போக வழியற்ற மின்சாரம் லேத்தின் உடலிலேயே நின்றிருந்தது. அங்கே வேலை செய்த பையன் ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் பிழைத்தான். அவன் இறந்திருந்தால், அதுவும் ஈரக் கை என்றுதான் செய்தியாகியிருக்குமா?

மின் விநியோகத்தைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1932 முதல் பைக்காராவில் மின்சாரம் எடுத்துச் சமவெளிக்கு அனுப்பும் மலை இது. இங்கேயே, காற்றடித்தால் ஒரு பேஸ் போய்விடுகிறது. மீதி இரண்டு பேஸில் ஓடும் மோட்டார் அதிக மின்சாரத்தை இழுத்துச் சூடேறிக் கருகுகிறது. புகார் எழுதியதற்கு, ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் மாட்டிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. மாட்டியும் விட்டேன், ஆனால் கிளை வெட்ட இன்றுவரை ஒருவரும் வரவில்லை. மின்சாரம் போய்த் திரும்பி வரும் நேரமும் ஆபத்தானதே. மின்சாரம் போனதும் இணைப்பை விடுவிக்கும் நோ-வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டர் இல்லாமல் வெறும் மெயின் சுவிட்சில் ஓடும் இயந்திரம் தானாகவே சுழலத் தொடங்கும். அந்த நேரத்தில் பெல்ட்டைச் சரி செய்துகொண்டிருப்பவரின் விரல் என்ன ஆகும்? ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள், அதையும் வெளி இணைப்பையும் ஒன்றாகச் சேர விடாத சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடாவிட்டால், அவர்களுடைய மின்சாரம் வெளிக் கம்பியில் ஏறி, கம்பத்தில் நிற்கும் லைன்மேன் மேல் பாயும். இவையெல்லாம் தாங்கள் அறியாதவை அல்ல. அறிந்தும் அந்த வரி அச்சானதே என்பதுதான் என் வருத்தம்.

நான் கேட்பது பெரிதல்ல. அந்தச் செய்திக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இனி இத்தகைய மரணம் எங்கே நேர்ந்தாலும், அந்த இடத்தில் எர்த் முறையாக இருந்ததா, ஆர்.சி.சி.பி. பொருத்தப்பட்டிருந்ததா என்று கேட்டறிந்து, அந்த விடையையும் செய்தியோடு சேர்த்து அச்சிடும்படி தங்கள் செய்தியாளர்களுக்குச் சொல்லுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
லேத் பட்டறை உரிமையாளர்,
கோத்தகிரி.