ஆட்டத்தை நிறுத்திய மகளுக்கு

ஏற்காடு

அன்புள்ள கண்ணு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். காபிப் பழம் பறிப்பு முடிந்துவிட்டது, மிளகு களத்தில் காய்கிறது.

"டென்னிஸ் ஆடின இத்தனை வருஷமும் வீணாப்பா?" என்று அன்றைக்குப் போனில் கேட்டாய். கூலி வாங்க ஆட்கள் நின்றார்கள், இல்லை என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். ஒரு வார்த்தையில் முடிகிற விஷயமா அது? அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறவன். டென்னிஸ் ஆட்டக்காரர் ரோஜர் ஃபெடரர் சொன்ன ஒரு கணக்கு என் மனதில் அப்படியே தங்கிவிட்டது. 2024-இல் அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் சொன்னார். ஒற்றையரில் 1,526 மேட்ச் ஆடி, கிட்டத்தட்ட 80 சதவீதம் ஜெயித்தவர் அவர். ஆனால் எடுத்த பாயிண்ட் 54 சதவீதம்தான். டென்னிஸின் பெரிய பட்டமான கிராண்ட்ஸ்லாமை 20 முறை வாங்கிய மனிதரே நூற்றுக்கு நாற்பத்தாறை எதிராளிக்கு விட்டிருக்கிறார். நீயோ நேஷனல்ஸில் இரண்டாம் ரவுண்டைத் தாண்டவில்லை என்பதை வைத்து உன்னையே எடை போடுகிறாய். தாண்டியவளுக்கும் உனக்கும் நடுவில் இருந்தது நாலைந்து பாயிண்ட். நீ உழைக்கவில்லை என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு. விடியாத இருட்டில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி உன்னைச் சேலத்துக்கு பைக்கில் கூட்டிப்போனவன் நான். பின்னால் உட்கார்ந்திருக்கும் உனக்குக் குளிரில் பல் தந்தியடிக்கும். கோர்ட்டில் கால் வைத்ததும் நின்றுவிடும்.

மாநிலப் போட்டியில் ஜெயித்தபோது ரவுண்டானாவில் உனக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஒரு மழைக்காலம் வரை நின்றது. அப்புறம் கழற்றிக் கொண்டுவந்து காபி மூட்டைகள் மேல் போர்த்தினோம். முகம் வெளுத்துவிட்டது, ராக்கெட் பிடித்த கை மட்டும் இன்னும் தெரிகிறது. அன்றைக்கு அதைப் பார்த்து நீ பூரித்தாயே, அது நிஜம். அதை யாரும் கழற்ற முடியாது.

நம்ம ராமநாதன் கிருஷ்ணனை எடுத்துக்கொள். 1954-இல் ஜூனியர் விம்பிள்டன் சாம்பியன். 1960, 1961 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி, இரண்டாவது முறை எதிரில் நின்றது ராட் லேவர். ஆட்டத்தை விட்ட பிறகு அவர் சென்னையில் கேஸ் ஏஜென்சி நடத்தினார், பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்தார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் சிலிண்டர் கணக்குப் பார்ப்பதா என்று யாராவது உச்சுக்கொட்டினால் எனக்குக் கோபம்தான் வரும். கௌரவமான பிழைப்பு அது.

ஸ்வீடன் ஆட்டக்காரர் பியான் போர்க்கின் கதை வேறு. 1981 யு.எஸ். ஓபன் ஃபைனலில் மெக்கன்ரோவிடம் தோற்று, பரிசளிப்புக்குக்கூட நிற்காமல் போனார். 26 வயதில் ஓய்வு. 1991-இல் பழைய மர ராக்கெட்டோடு மான்டி கார்லோ போட்டிக்குத் திரும்பி வந்து முதல் ஆட்டத்திலேயே தோற்றார். நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஆஷ் பார்ட்டி அப்படியில்லை. சொந்த நாட்டில் ஆஸ்திரேலிய ஓபன் ஜெயித்த இரண்டே மாதத்தில், உலக நம்பர் ஒன்னாக இருக்கும்போதே, 2022-இல் போதும் என்றாள். அப்போது அவளுக்கு 25, உன் வயது. அதற்கு முன்பும் ஒருமுறை விட்டுவிட்டுக் கிரிக்கெட் ஆடிப் பார்த்து, ஆசை வந்ததும் டென்னிசுக்குத் திரும்பியவள்தான். நீயும் திரும்புவதானால் ஆசை வந்து திரும்பு கண்ணு. ஊர் கேட்கிறதே என்று வேண்டாம்.

நீ ஆடியதில் எனக்கு ரொம்பப் பிடித்தது தோற்ற ஆட்டம் ஒன்று. சேலத்தில், செம்மண் கோர்ட். அந்த மேட்ச்சில் லைன் அம்பயர் கிடையாது, அவரவர் பக்கத்துப் பந்தை அவரவரே சொல்ல வேண்டும். கடைசி செட்டில் அந்தப் பெண் அடித்தது அவுட் என்று அவளே தலையில் கைவைத்துவிட்டாள். நீ குனிந்து தடத்தைப் பார்த்தாய். கோட்டின் ஓரத்தில் நகக்கண் அளவு பட்டிருந்தது. ராக்கெட்டால் அதைச் சுட்டிக்காட்டி 'இன்' என்றாய். வேலி பக்கம் நின்ற எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்போது கோயம்புத்தூரில் உன்னிடம் டென்னிஸ் கற்றுக்கொள்கிற பொடிசுகள் கொடுத்துவைத்தவர்கள். வீணா என்று இனிமேல் கேட்காதே.

ஏப்ரல் லீவுக்குக் கட்டாயம் வா. வெட்கப்பட ஒன்றுமில்லை, கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். முழங்காலுக்கு டாக்டர் சொன்ன பயிற்சியை விடாதே. அம்மா உனக்கென்று புது மிளகு எடுத்து வைத்திருக்கிறாள். சேலத்தில் கடைசி பஸ் போய்விட்டால் போன் செய், வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா