கேன்களை எங்கே கொண்டுபோய் வைப்பது? அச்சக உரிமையாளர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அண்ணாச்சி அவர்களுக்கும், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்த அறிவிப்பைப் படித்தேன். ஆய்வுக்கு அதிகாரிகள் வர வாய்ப்பு இருக்கிறதாம். அதனால் மெஷின் கழுவிய அழுக்கைப் பிடித்து வைக்கிற வாஷ் கேன், காலி மை டின், வேஸ்ட் துணி மூட்டை எல்லாவற்றையும் உறுப்பினர்கள் உடனே அப்புறப்படுத்த வேண்டுமாம். வாறுகாலில் (சாக்கடையில்) கலர் தண்ணீர் போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு போட்டிருந்தார்கள். ஒருவர்கூட ஒரு சின்னச் சந்தேகம் கேட்கவில்லை. நான் கேட்கிறேன் அண்ணாச்சி, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்புறப்படுத்தி எங்கே கொண்டுபோய் வைப்பது?

தொழில் எப்படி நடக்கிறது என்று சிவகாசி வட்டாரத்தில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆடி பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வந்துவிட்டால், மார்கழி வரைக்கும் மெஷின் நிற்பதில்லை. கலர் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் மை தடவுகிற ரோலரையும், அச்சைத் தாளுக்கு மாற்றுகிற ரப்பர் பிளாங்கெட்டையும் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ தின்னரோ ஊற்றிக் கழுவித்தான் ஆக வேண்டும். கறுப்பு ஓட்டிவிட்டு மஞ்சள் ஏற்றினால் ஒரு வாஷில் முடியாது. பிளேட்டை ஈரமாக வைத்திருக்கிற ஃபவுண்டன் தண்ணீரை வேறு அவ்வப்போது மாற்ற வேண்டும். அதில் ஐபிஏ ஆல்கஹால் கலந்திருக்கிறது, மை கலந்திருக்கிறது, பேப்பர் தூசி கலந்திருக்கிறது. கம்ப்யூட்டரிலிருந்து நேரடியாக பிளேட் எடுக்கிற சி.டி.பி.யைச் சொந்தமாக வைத்திருப்பவர்களுக்கு பிளேட் கழுவிய டெவலப்பர் தனி. பி.எச். 12-க்கு மேல் போகிற காரத் தண்ணீர் அது.

காகிதம் வெட்டிய கட்டிங் வேஸ்டைப் பற்றிக் கவலை இல்லை. அதை எடுக்க வாசலில் ஆள் நிற்கிறது. வெள்ளையைத் தனியாகக் கட்டினால் ஒரு விலை, கலர் கலந்தால் ஒரு விலை. பழைய பிளேட் அலுமினியம் என்பதால் அதுவும் எடைக்குப் போய்விடும். காசு தருகிற கழிவு எதுவும் நம்மிடம் ஒரு வாரத்துக்கு மேல் இருப்பதில்லை. எடுத்துப் போக நாம் காசு கொடுக்க வேண்டிய கழிவுதான் மெஷினுக்குப் பின்னால் அடைந்து கிடக்கிறது.

துணி மூட்டையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். திருப்பூரிலிருந்து வருகிற பனியன் வேஸ்டைத்தான் நாம் எல்லோரும் துடைக்க வாங்குகிறோம். கிலோக்கணக்கில் வெள்ளையாக வருகிறது, மையும் மண்ணெண்ணெயும் குடித்துவிட்டுக் கறுப்பாக மூலையில் சேருகிறது. என் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிற அக்கா ஒருத்தர், சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அதில் ஒரு பை நிறைய எடுத்துப் போவார். எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். வெந்நீர் அடுப்புப் பற்ற வைக்க என்றார். ஒரே குச்சியில் பிடித்துக்கொள்ளுமாம், விறகு ஈரமாக இருந்தாலும் பிரச்சினை இல்லையாம். புகை எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, "கறுப்பாத்தான் வரும், பிள்ளைகளை வெளிய நிப்பாட்டிருவேன்" என்றார். இனிமேல் எடுத்துப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி சார், அப்ப இதை எங்கதான் போடப் போறீக?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. காலையில் வருகிற குப்பை வண்டிக்காரர் மக்கும் குப்பையா, மக்காத குப்பையா என்று கேட்கிறார். எதில் சேர்த்தி என்று சொல்ல முடியாமல் நின்றேன். அவரும் எடுக்கவில்லை. எடுக்காதது சரிதான், அது அவர் கையில் போக வேண்டிய பொருளே இல்லை. இப்போது அந்த மூட்டைகள் காகித ரீம் அடுக்கியிருக்கிற சுவரிலிருந்து எட்டடி தூரத்தில் கிடக்கின்றன. ஆஃப்செட் மையில் இருக்கிற உலரும் எண்ணெய் காற்றுப் பட்டுக் காயும்போது சூடாகும். துணியை அமுக்கி மூட்டையாகக் கட்டினால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே பற்றிக்கொள்ளக்கூடும். தீயைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டுமா?

சட்டம் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் மைக் கசடு இருக்கிறது, ரசாயனம் பட்ட காலி டின் இருக்கிறது, கறைபட்ட துடைப்புத் துணியும் இருக்கிறது. நம் பனியன் வேஸ்ட் சட்டப் புத்தகத்தில் இடம் பிடித்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அனுப்பும்போது கழிவு எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுதுகிற மேனிஃபெஸ்ட் படிவம் ஏழு பிரதி வேண்டும், வெள்ளை, மஞ்சள், பிங்க், ஆரஞ்சு என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். அதை அச்சடிக்கிற வேலை கிடைத்தாலாவது நமக்கு லாபம்.

சரி, அனுப்பிவிடலாம் என்று அப்படி ஓர் இடத்தில் விசாரித்தேன். லோடு சேர்ந்தால் வண்டி வரும் என்றார்கள். இரண்டு மெஷின் வைத்திருக்கிற எனக்கு ஒரு லோடு சேர வருஷக்கணக்காகும். கொஞ்சமாக இருந்தாலும் பரவாயில்லை, வாருங்கள் என்றால் அவர்கள் சொல்கிற வண்டி வாடகையில் ஒரு மாதச் சம்பளம் போட்டுவிடலாம். சேர்த்து வைத்தால் சட்டம் விடாது, சேர்க்காமல் அனுப்பினால் கட்டுப்படியாகாது. இந்த இடுக்கில்தான் ராத்திரி பதினொரு மணிக்கு யாரோ ஒருவர் கேனை எடுத்துக்கொண்டு வாறுகால் பக்கம் போகிறார். அவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். காலையில் அந்தத் தெருவில் கதவைத் திறக்கிற பெண்கள் சொல்வார்கள், அவர்களுக்குச் சொல்ல உரிமை இருக்கிறது.

தனியாக ஒரு அச்சகத்தால் முடியாது. நூறு அச்சகம் சேர்ந்தால் வாரத்துக்கு ஒரு லோடு சுலபமாக வரும். ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். சங்கம் ஒரு பொதுச் சேகரிப்பு மையம் அமைக்க வேண்டும். சங்கத்தின் பெயரில் முறையாக அனுமதி வாங்கி, சங்கத்தின் பெயரில் ஒரே ஒப்பந்தம் போட்டு, உறுப்பினர்களின் ரசாயனக் கழிவை எடைபோட்டு வாங்கி அனுப்ப வேண்டும். இலவசமாகக் கேட்கவில்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள், கட்டுகிறோம்.

இதைக் கேட்டவுடன் "அதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான், சின்ன அச்சகத்தை யார் கேட்கப் போகிறார்கள்" என்று ஒரு நிர்வாகி என்னிடம் சொன்னார். திருப்பூர்ச் சாயப்பட்டறைக்காரர்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாயத் தண்ணீர் கலந்து நொய்யல் ஆறு நிறம் மாறியது, ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரை விவசாயிகள் வயலுக்கு விடப் பயந்தார்கள். வழக்கு நடந்தது, அவகாசம் கொடுத்தார்கள், திரும்பவும் அவகாசம் கொடுத்தார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். பெரியது சின்னது என்று நீதிமன்றம் பார்க்கவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சரிசெய்து ஒவ்வொன்றாகத் திரும்பத் திறப்பதற்குள் எத்தனை குடும்பம் ஊரைவிட்டுப் போயிற்று என்று அங்கே கேட்டுப் பாருங்கள். அவ்வளவு தூரம் ஏன், பக்கத்துத் தெருப் பட்டாசுக்காரரைக் கேளுங்கள். 2018-இல் பட்டாசில் பேரிய உப்புக்குத் தடை போட்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது, அதற்கு மாற்று என்ன என்று அவர் அன்றைக்குத்தான் தேட ஆரம்பித்தார்.

நாம் எப்போது ஆரம்பிப்பது? அதிகாரி வரும்போது கேனை மச்சான் வீட்டு மாடியில் கொண்டுபோய் வைப்பதுதான் நம் திட்டமா?

போன வருஷம் சங்கம் 'பசுமை அச்சகம்' என்று ஒரு கருத்தரங்கு நடத்தியதை நான் மறக்கவில்லை. ஏ.சி. மண்டபம், வாசலில் பதினைந்து அடி ஃப்ளெக்ஸ். பி.வி.சி. ஃப்ளெக்ஸில் பச்சை இலை அச்சடித்திருந்தது, கலர்கள் விலகாத நல்ல ரிஜிஸ்டர், குறை சொல்ல முடியாது. அழைப்பிதழ் இரண்டு பக்கமும் மேட் லேமினேஷன். அந்த பிளாஸ்டிக் படலம் ஒட்டிய காகிதத்தைக் கட்டிங்கோடு கலந்தால் மில்காரர் மூட்டையையே திருப்பி அனுப்புவார் என்பது மேடையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். சாப்பாடு நன்றாக இருந்தது.

வாடிக்கையாளர்களையும் சொல்ல வேண்டும். ஐந்நூறு பிரதி போதும் என்கிற இடத்தில் "ரேட் குறையுதுல்ல" என்று இரண்டாயிரம் அடிப்பார்கள். மீதி பரணில் கிடந்து அடுத்த பொங்கலுக்குப் பழைய பேப்பருக்குப் போகும். கட்சிக்காரர்களோ ராத்திரி எட்டு மணிக்கு வந்து, விடிவதற்குள் நோட்டீஸ் வேண்டும், தலைவர் முகம் இன்னும் கொஞ்சம் சிவப்பாக வேண்டும் என்பார்கள். அந்தச் சிவப்புக்காக எத்தனை ஷீட் வேஸ்ட், எத்தனை வாஷ்! தேர்தல் நோட்டீஸில் அச்சகத்தின் பெயரும் முகவரியும் போடாவிட்டால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ-இல் ஆறு மாதம் வரை சிறை உண்டு. நோட்டீஸ் யார் அடித்தது என்று ஊருக்கே தெரிய வேண்டும். அதை அடிக்கும்போது வந்த கழிவு யாருடையது என்று மட்டும் எவரும் கேட்க வேண்டாம்!

எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கோரிக்கைக்கு வருகிறேன்.

கழிவைக் குறைக்க நாங்களும் எங்களால் ஆனதைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். வெளிர் நிற வேலையை முதலில் ஓட்டி, அடர் நிறத்தைக் கடைசியில் வைத்தால் பல வாஷ் மிச்சமாகிறது. வேலை தொடங்குமுன் மெஷினைச் சரிபார்க்கிற மேக்ரெடிக்குப் பழைய வேஸ்ட் ஷீட்டையே திருப்பிப் போடுகிறோம். வாஷ் கேனை அசைக்காமல் வைத்திருந்தால் மை அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்ததை அடுத்த முதல் வாஷுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆல்கஹால் இல்லாத ஃபவுண்டனும் போட்டுப் பார்த்தேன். இந்த ஊர் உப்புத் தண்ணீருக்கு அது நிற்கவில்லை. ஆர்.ஓ. தண்ணீர் வைத்த பிறகுதான் ஓரளவுக்குச் சரியானது. தாவர எண்ணெயிலிருந்து எடுக்கிற எஸ்டர் வாஷ் இருக்கிறது. நாற்றம் இல்லை, அதிகம் ஆவியாகாது, மெஷின் ஓட்டுகிற மைண்டர் தலைவலி என்று சொல்வதில்லை. ஆனால் விலை கூடுதல், பிளாங்கெட் காயவும் நேரம் எடுக்கும். சங்கம் மொத்தமாகக் கொள்முதல் செய்தால் விலையாவது இறங்கும். இது இரண்டாவது கோரிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எவ்வளவு குறைத்தாலும் கடைசியில் கொஞ்சம் கசடும் கொஞ்சம் துணியும் கையில் நிற்கத்தான் செய்யும். அதற்கு ஓர் இடம் வேண்டும்.

சங்கக் கட்டடத்துக்கு மூன்றாவது மாடி எழுப்ப நன்கொடை கேட்டீர்கள், எல்லோரும் கொடுத்தோம். லிஃப்ட் வைத்தீர்கள், அதற்கும் கொடுத்தோம். சேகரிப்பு மையத்துக்கு மாடியும் வேண்டாம், லிஃப்டும் வேண்டாம். ஊருக்கு வெளியே கூரை போட்ட ஒரு கொட்டகை, கசிந்தால் மண்ணில் இறங்காத சிமெண்டுத் தரை, மூடி போட்ட பேரல்கள், ஒரு எடை மெஷின், பொறுப்பான ஓர் ஆள் போதும். சிறு தொழில் கிளஸ்டர் திட்டத்தில் பொது வசதி மையங்களுக்கு அரசு மானியம் இருக்கிறது. தனி ஆள் அதற்கு விண்ணப்பிக்க முடியாது, பலர் சேர்ந்த அமைப்பாகத்தான் போக வேண்டும். அந்த வேலையை எடுத்துச் செய்ய எங்களுக்கு உங்களைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக வையுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். 'இதர விஷயங்கள்' என்று கடைசியில், சாப்பாட்டுப் பந்தி போட்ட பிறகு அல்ல. மாதம் எவ்வளவு கழிவு சேருகிறது என்று உறுப்பினர்களிடம் ஒரு கணக்கு எடுங்கள், பெயர் போடாமல் எழுதிக் கொடுக்கச் சொன்னால் உண்மையான கணக்கு வரும். கொட்டகைக்கு என் பங்கு எவ்வளவு என்று சொன்ன அன்றைக்கே கட்டுகிறேன். அதுவரைக்கும் கேன்களை அப்புறப்படுத்தச் சொல்லி அறிவிப்பு அனுப்புவதாக இருந்தால், தயவுசெய்து கூடவே ஒரு முகவரியும் சேர்த்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
இரண்டு மெஷின் வைத்திருக்கும் ஒரு சாதாரண உறுப்பினர்