விசார்டுக்கு உடம்பும் வேணும் சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாசம் உங்க ஞாயிறு இணைப்புல டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டு (ஆளுக்கொரு கேரக்டரா டைஸ் உருட்டி கதை மாதிரி ஆடறது) பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, தமிழ் பேப்பர்ல இதெல்லாம் வருதேன்னு எனக்கு அவ்ளோ சந்தோஷம், கட் பண்ணி எடுத்து வச்சிருக்கேன். ஆனா அதுல மந்திரவாதி கேரக்டர் உருவாக்கறது எப்படின்னு ஒரு பெட்டிச் செய்தி இருந்துச்சு, அதுல மந்திரவாதிக்கு புத்தி இருந்தா போதும், உடம்பு எப்படி இருந்தா என்னன்னு ஒரு வரி. அந்த ஒரு வரியால எங்க மாடியில ஒரு பொண்ணு அழுதுட்டா சார். அதான் எழுதறேன்.

நான் பழைய வண்ணாரப்பேட்டை. பாரிமுனைல ஒரு ஆபீஸ்ல கணக்கு வேலை. சனிக்கிழமை சாயங்காலம் ஆனா எங்க தெரு பசங்க நாலஞ்சு பேர் மொட்டை மாடிக்கு வந்துடுவாங்க, தண்ணி டேங்க் நிழல்ல கேரம் போர்டை போட்டு அது மேல தான் இந்த ஆட்டம். எங்க ஏரியால கேரம் போர்டு இல்லாத வீடு கம்மி, உங்களுக்கே தெரியும், 20 முகம் இருக்கிற டைஸை அதுல உருட்டினா நாலு பக்கமும் கட்டை இருக்கறதால வெளிய ஓடாது, மாவு மேல உருண்டு வந்து நிக்கும். எப்பவாவது பாக்கெட்ல விழுந்துடும், அப்போ மறுபடி உருட்டணும்னு நாங்களா ஒரு ரூல் வச்சிருக்கோம்.

எதிர் வீட்டுப் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, ரெண்டு வாரமா உங்க கட்டுரையை கையில வச்சுக்கிட்டு விசார்ட், அதான் மந்திரவாதி, ஆடணும்னு காத்துக்கிட்டு இருந்தா. ஆறு குணத்துக்கும் போட வேண்டிய நம்பர் ரூல் புக்லயே ரெடியா இருக்கு, 15, 14, 13, 12, 10, 8, எதை எங்க போடறதுன்னு நம்ம இஷ்டம். அவ 15ஐ இன்டெலிஜென்ஸ்ல (புத்தி) போட்டா, அது சரி. 14 கரிஸ்மாவுக்கு (பேச்சு, கவர்ச்சி), ஏன்னா அவ விசார்ட் நல்லா பேசணுமாம். 13 விஸ்டம் (விவேகம்), 12 டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு), 10 ஸ்ட்ரெங்த் (பலம்), கடைசியா மிச்சம் இருந்த 8 கான்ஸ்டிடியூஷனுக்கு, அதான் உடம்புக்கு, போயிடுச்சு. கேரக்டருக்கு மனுஷ ஜாதி எடுத்ததால எல்லாத்துலயும் ஒண்ணு ஏறும் (நாங்க ஆடறது 2014ல வந்த 5வது எடிஷன்), அப்போ இன்டெலிஜென்ஸ் 16, உடம்பு 9.

கணக்கு இப்படி. 10, 11 வச்சிருந்தா கூடவும் கிடையாது குறையவும் கிடையாது, 12, 13னா ஒண்ணு கூடும், 14, 15னா ரெண்டு, 8, 9னா ஒண்ணு கழியும். விசார்டுக்கு முதல் லெவல்ல உயிர் 6, அதோட உடம்பு நம்பரை (இந்த கூடறது கழியறதை) சேத்துக்கணும். இவளுக்கு 6ல ஒண்ணு போய் 5. கோப்ளின் (சின்ன பூதம் மாதிரி எதிரி) ஒரு அம்பு விட்டா 6 முக டைஸ்ல விழறதோட 2 கூட்டி அடி. அப்படின்னா 3ஓ அதுக்கு மேலயோ எது விழுந்தாலும் இவ கீழ.

விழுந்துச்சு. 4, கூட 2, மொத்தம் 6. அவ டர்னே இன்னும் வரல. மத்த ரெண்டு பசங்களும் குகையோட அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாங்க, யாராலயும் வந்து தூக்க முடியல. கீழ விழுந்தவங்க ஒவ்வொரு டர்னும் 20 முக டைஸ் உருட்டி 10ஓ அதுக்கு மேலயோ போடணும், மூணு தடவை தவறினா கதை முடிஞ்சுது. 7. 4. 9. அந்த 9 பாக்கெட் ஓரத்துல ஆடி ஆடி நின்னுச்சு, எல்லாரும் குனிஞ்சு பாத்துட்டு இருந்தோம். "இன்னாக்கா இது, நான் ஒரு மந்திரம் கூட போடலயேக்கா"ன்னு கேட்டா பாருங்க, என்னால பதில் சொல்ல முடியல. நம்பர் எழுதும்போது நான் பக்கத்துல தான் உக்காந்திருந்தேன், பேப்பர்ல போட்டிருக்காங்களேன்னு விட்டுட்டேன், அதுக்கு இன்னைக்கும் வருத்தப்படறேன்.

இப்போ அதே ஆறு நம்பரை இடம் மாத்திப் பாருங்க. இன்டெலிஜென்ஸ் அதே 15, உடம்புக்கு 14, டெக்ஸ்டெரிட்டிக்கு 13, விஸ்டம் 12, கரிஸ்மா 10, 8 போறது ஸ்ட்ரெங்துக்கு, விசார்ட் என்ன ஹார்பர்ல மூட்டையா தூக்கப் போறான். ஒண்ணு ஏறினதும் இன்டெலிஜென்ஸ் அதே 16 தான், மந்திரத்துல ஒரு பைசா குறையல. ஆனா உயிர் 8. அந்த கோப்ளின் இப்போ விழ வைக்கணும்னா 6 மட்டும் தான் போடணும்.

இது முதல் லெவல்ல முடியற விஷயம் இல்ல, ஒவ்வொரு லெவலுக்கும் உயிர் ஏறும்போது உடம்பு நம்பரும் மறுபடி சேரும். சராசரி கணக்குல 5வது லெவல்ல மொத ஆளுக்கு உயிர் 17, ரெண்டாவது ஆளுக்கு 32. ஒரு ஃபயர்பால் (தீப்பந்து மந்திரம்) சராசரியா 28 அடிக்கும், யார் நிப்பாங்க யார் விழுவாங்கன்னு நீங்களே பாத்துக்கோங்க. அதவிட முக்கியம் கான்சன்ட்ரேஷன். பெரிய பெரிய மந்திரம் பாதி, போட்டுட்டு மனசுல பிடிச்சு வச்சுக்கிட்டே இருக்கணும், நடுவுல அடி பட்டா டைஸ் உருட்டி 10ஓ அதுக்கு மேலயோ வரணும், அடி பலமா இருந்தா இன்னும் ஜாஸ்தி, அதுக்கு கூட்டறது புத்தி இல்ல சார், உடம்பு நம்பரைத் தான். மந்திரம் போடறதுக்கு புத்தி, போட்ட மந்திரம் நிக்கறதுக்கு உடம்பு. இதை பெட்டியில போட்டிருக்கணும்.

இன்னொண்ணு, மந்திரவாதின்னு ஒரே வார்த்தையில எழுதிட்டீங்க, மந்திரம் போடற கேரக்டர்லயே பல வகை இருக்கு. விசார்டுக்கு தான் இன்டெலிஜென்ஸ். கிளெரிக், ட்ரூயிடுக்கு விஸ்டம். சோர்ஸரர், வார்லாக், பார்டு இவங்களுக்கு கரிஸ்மா. உங்க கட்டுரையை நம்பி ஒரு பையன் கிளெரிக் எடுத்து இன்டெலிஜென்ஸ்ல 15 போட்டா பாவம் அவன். அப்புறம் இது ஏதோ இப்போ வந்த புது மோகம்னு எழுதியிருக்கீங்க, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இதை கொண்டுவந்தது 1974ல.

நம்பரை டைஸ் உருட்டியே எடுக்கலாம், அது தான் த்ரில்னும் போட்டிருந்தீங்க. நாலு டைஸ் போட்டு சின்னதை தள்ளிட்டு மூணை கூட்டற முறை, ரூல்ல இருக்கு தான், ஆனா புதுப் பசங்களுக்கு நான் வேணாம்னு தான் சொல்வேன். அக்காவுக்கு 17, 16 விழும், தம்பிக்கு 11, 9 விழும், அப்புறம் அவன் மாசக்கணக்குல அதோட தான் ஆடணும். தாயம் விழாத பிள்ளை மத்தவங்க காய் நகர்த்தறத பாத்துக்கிட்டே உக்காந்திருக்குமே, அந்த மாதிரி.

அதுக்கு பதிலா 27 பாயிண்ட் முறை இருக்கு. எல்லாம் 8ல ஆரம்பம், 13 வரைக்கும் ஒரு படிக்கு ஒரு பாயிண்ட், 14க்கும் 15க்கும் படிக்கு ரெண்டு. அப்போ 13க்கு மொத்தம் 5 செலவு, 14க்கு 7, 15க்கு 9. மனுஷ ஜாதின்னா எல்லாம் ஒண்ணு ஏறுமே, அதனால ஒத்தைப்படை நம்பரா வாங்கணும், இது பல பேருக்கு தோணறதில்ல. ஒரு 15, மூணு 13, ஒரு 11, ஒரு 8. கூட்டிப் பாருங்க, 9, 15, 3, சரியா 27. ஏறினதும் 16, 14, 14, 14, 12, 9.

அந்த மூணு 14ல ஒண்ணை உடம்புக்கும் ஒண்ணை டெக்ஸ்டெரிட்டிக்கும் போட்டோம், மூணாவதை அந்தப் பொண்ணு கரிஸ்மாவுக்கே வச்சுக்கிட்டா. நல்லா பேசற விசார்ட் வேணும்னு கேட்டா இல்ல, கிடைச்சுடுச்சு. அடுத்த சனிக்கிழமை ஃபாக் கிளவுட் போட்டு வழி முழுக்க பனி மூட்டி நிக்க வச்சிருக்கா, எங்கிருந்தோ ஒரு அம்பு வந்து 5 போயிடுச்சு, மந்திரம் நிக்குமான்னு உருட்டினா 8. கூட ரெண்டு, 10. பனி அப்படியே நின்னுச்சு. ரெண்டு பசங்களும் அதுக்குள்ள பூந்து வெளிய வந்துட்டாங்க. கீழ் வீட்டு ஆன்ட்டி என்ன சத்தம்னு மேல ஏறி வந்துட்டாங்க சார்.

புக்கு விலை ஜாஸ்தி, எங்க பசங்களால வாங்க முடியாது, ஆனா அடிப்படை ரூல்ஸை இந்த ஆட்டத்தை வெளியிடற கம்பெனியே 2023 ஜனவரியில கிரியேட்டிவ் காமன்ஸ்ல (யாரும் எடுத்துக்கலாம்ங்கற உரிமம்) இலவசமா விட்டுட்டாங்க. அதையும் சேத்து போடுங்க. அந்த பெட்டிச் செய்தியை திருத்தி அதே சைஸ்ல, அதே ஞாயித்துக்கிழமை பக்கத்துல, 27 பாயிண்ட் கணக்கோட ஒரு தடவை போடுங்க சார், வெட்டி எடுத்து டேங்க் பக்கத்து சுவத்துல ஒட்டிடறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21