ஆப்பிரிக்காவில் அடிபம்பு போட்டுத் தரும் நம் சங்கங்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

அம்மா அப்பா நினைவாக, நோன்பு மாதத்துத் தர்மமாக, பிள்ளையின் பிறந்தநாளுக்காக, சங்கத்தின் வெள்ளிவிழாவுக்காக என்று உகாண்டா, மலாவி, கென்யாப் பக்கம் கிராமங்களுக்குப் போர் போட்டு அடிபம்பு மாட்டிக் கொடுக்கிற எல்லோருக்கும்தான் இந்த மடல். கொடுக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. இன்னும் கொடுங்கள். ஆனால் அந்தப் பணம் எதற்குப் போகிறது என்பதைக் கொஞ்சம் மாற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

உகாண்டாவில் ஆறு வருடம் சாலை வேலையில் இருந்தேன். கம்பாலாவிலிருந்து மேற்கே நாங்கள் வேலை பார்த்த இடத்துக்குப் பக்கத்து ஊரில் ஓர் அடிபம்பு இருந்தது. சிமெண்ட் மேடை, சுற்றி வேலி, யாரோ ஒரு குடும்பத்தின் பெயர் பொறித்த பலகை, எல்லாம் நன்றாகவே இருந்தன. ஆனால் தினமும் விடிகாலையில் பெண்களும் பிள்ளைகளும் மஞ்சள் ஜெரிக்கேன்களைத் தூக்கிக்கொண்டு அந்த பம்பைத் தாண்டி, அரை மணி நேரம் நடந்து, கீழே சதுப்பு நிலத்தில் தோண்டி வைத்திருந்த குழியில்தான் தண்ணீர் மொண்டார்கள். மாடு குடிக்கிற அதே தண்ணீர். பம்பு உடைந்துவிட்டதோ என்று கைப்பிடியை நானே அடித்துப் பார்த்தேன். தண்ணீர் வந்தது, செங்கல்லைக் கரைத்த மாதிரி.

பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் அந்தத் தண்ணீரில் டீ போட்டுக் காட்டினார். தேயிலை விழுந்த சற்று நேரத்தில் டம்ளர் முழுக்க மை கரைத்தது போலக் கறுத்துவிட்டது. பீன்ஸ் வேகவைத்தால் கறுக்கிறது, வாழைக்காய் மத்தோக்கே அவித்தால் நிறம் மாறுகிறது, பள்ளிக்கூடச் சட்டை துவைத்தால் கறை போவதில்லை, இதை எப்படிக் குடிப்பது என்றார். அவர் கேட்டதில் என்ன தப்பு? இரும்பு கலந்த அந்தத் தண்ணீரைவிடச் சதுப்புக் குழித் தண்ணீர் பல மடங்கு ஆபத்து என்பது உண்மைதான், வாந்திபேதி அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் கண்ணுக்குத் தெளிவாக இருப்பது குழித் தண்ணீர். நாக்கும் மூக்கும் ஒத்துக்கொள்ளாத தண்ணீரை எந்தத் தாயும் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபுண்டி வந்தார். மெக்கானிக், கைவேலைக்காரர் எல்லோருக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவில் அதுதான் பெயர். நாலைந்து பேர் சேர்ந்து உள்ளே இறங்கியிருந்த பைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றித் தூக்கினோம். ஒன்று மூன்று மீட்டர், பத்துக் கிலோ கிட்ட வரும். ஏழாவதோ எட்டாவதோ பைப்பில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. மரையெல்லாம் அரித்துப்போய், கையால் கசக்கினால் பொரிப்பொரியாகத் துரு உதிர்ந்தது. பம்பு போட்டு நாலு வருடம்கூட ஆகவில்லை.

காரணம் புரியாத மர்மம் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்து நிலத்தடி நீர் பல இடங்களில் கொஞ்சம் அமிலத்தன்மை கொண்டது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 6.5க்குக் கீழே இருந்தால், ஜி.ஐ. பைப்பின், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்பின், பூச்சை அது மெல்ல மெல்லத் தின்றுவிடும், அப்புறம் இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். இதை ஊரிலேயே கண்டுபிடிக்க ஒரு வழியும் இருக்கிறது, அந்த ஃபுண்டிதான் சொல்லிக் கொடுத்தார். இரவு முழுக்கப் பைப்பில் நின்ற தண்ணீர் காலையில் முதல் சில கேன் சிவப்பாக வந்து, அடிக்க அடிக்கத் தெளிந்தால் குற்றம் பைப்பில். எவ்வளவு அடித்தும் தெளியவில்லை என்றால் நிலத்தடி நீரிலேயே இரும்பு இருக்கிறது. முதலாவது என்றால் பைப்பை மாற்றினால் போதும், இரண்டாவது என்றால் இரும்பை வடிகட்ட வழி பார்க்க வேண்டும் அல்லது வேறு இடம் தேட வேண்டும்.

இதில் எனக்குத் தனியாக ஒரு வருத்தம். அந்த பம்பு இந்தியா மார்க் 2. 1970களில் யுனிசெஃப் உதவியோடு உருவாகி, சென்னையில் ஒரு தொழிற்சாலையில் பெருமளவில் தயாராகத் தொடங்கி, காப்புரிமை எதுவும் இல்லாமல் உலகத்துக்கே கொடுக்கப்பட்ட பம்பு. நம் ஊர்த் தெருமுனைகளில் நாம் ஏறித் தொங்கி அடித்து வளர்ந்தது அதுதான். மார்க் 2இல் சிலிண்டருக்குள் ஒரு சின்ன வாஷர் தேய்ந்தால்கூட மொத்தப் பைப்பையும் தூக்கியாக வேண்டும். 1980களில் கோவைப் பக்கத்துக் கிராமங்களில் வருடக்கணக்காகச் சோதித்துப் பார்த்துத்தான், பைப்பைத் தொடாமல் பிஸ்டனை மட்டும் மேலே இழுக்கும் மார்க் 3 வந்தது. மலாவியில் இன்று பெரும்பாலும் இருக்கும் ஆஃப்ரிதேவ் பம்பும் ஏறத்தாழ அதே காலத்தில், ஊர்க்காரர்களே பழுதுபார்க்க வேண்டும் என்ற அதே எண்ணத்தில் பிறந்ததுதான், பைப்பும் பிவிசி. நல்ல பம்புகள். ஆனால் நம் ஊர்த் தண்ணீரில் தாக்குப்பிடித்த ஜி.ஐ. பைப்பை அப்படியே அங்கே இறக்கியதுதான் தப்பு.

இதைப் பார்த்துத்தான் உகாண்டா அரசு 2016இல் அடிபம்புகளுக்கு ஜி.ஐ. பைப் போடக் கூடாது என்று உத்தரவு போட்டது. ஆனால் இதே தொல்லை இருக்கும் மற்ற நாடுகள் எல்லாமே அப்படி உத்தரவு போட்டுவிடவில்லை. ஜி.ஐ.க்குப் பதிலாகப் போடக்கூடிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப் விலை அதிகம், அதனால் குறைந்த விலைப்புள்ளி கேட்டால் உங்கள் காண்டிராக்டர் ஜி.ஐ. பைப்பைத்தான் எழுதித் தருவார். நீங்களும் மிச்சமான பணத்தில் இன்னொரு ஊருக்கு பம்பு போடலாம் என்று சந்தோஷப்படுவீர்கள்.

பைப் மட்டும்தான் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். 2009இல் சஹாராவுக்குத் தெற்கே 20 நாடுகளின் கணக்கைத் திரட்டிப் பார்த்தபோது அடிபம்புகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் ஓடாமல் நின்றிருந்தன. பிறகு வந்த ஆய்வில் அது நான்கில் ஒன்று என்று குறைந்திருந்தது, அதுவும் சின்ன எண்ணிக்கை இல்லை. நாம் என்ன செய்கிறோம்? ஊரில் ஒரு தண்ணீர்க் குழுவை உட்காரவைத்து, இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, ஒரு ஸ்பானர் பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு, இனி இது உங்கள் சொத்து என்று சொல்லி வந்துவிடுகிறோம். வாஷர் விற்கும் கடை பக்கத்தில் எங்கும் இல்லை. முதல் வருடம் பம்பு பழுதாவதில்லை, அதனால் மாதக் காசு கொடுப்பது நின்றுவிடுகிறது. மூன்றாம் வருடம் பழுதாகும்போது பெட்டியில் பணம் இல்லை, பொருளாளர் நகரத்துக்கு வேலைக்குப் போயிருப்பார்.

கென்யாவின் கிட்டூயி மாவட்டத்தில் இதற்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பம்பின் கைப்பிடிக்குள் ஒரு சின்னக் கருவியை வைத்தார்கள், அடிக்கும் கணக்கு செல்போன் வழியாகப் போய்ச் சேரும், நின்றால் உடனே தெரிந்துவிடும். கூடவே சம்பளத்துக்கு ஒரு மெக்கானிக் குழு. அதற்கு முன் பம்பு நின்றால் சரியாக்கச் சராசரியாக 27 நாள் ஆகுமாம், அது மூன்று நாளுக்கும் கீழே வந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் ஃபுண்டிஃபிக்ஸ் என்ற பழுதுபார்ப்புச் சேவை. ஊர்க்காரர்கள் கட்டணம் கட்டுகிறார்கள், குறைகிற தொகையை ஓர் அறக்கட்டளை நிதி ஈடுகட்டுகிறது. அந்தக் குறைகிற தொகை இருக்கிறதே, நம் பணம் போக வேண்டிய இடம் அதுதான்.

புதுமை என்று யாராவது வந்து காட்டினால் கொஞ்சம் பொறுத்திருங்கள். பிள்ளைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் ஏறும் என்று பிளேபம்ப் வந்தது, 2010க்குள் 4,000 ராட்டினம் என்று 2006இல் அறிவித்தார்கள், பெரும்பணம் சேர்ந்தது. கடைசியில் மொசாம்பிக்கில் வயதான பெண்கள் குனிந்து குனிந்து அந்த ராட்டினத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

சரி, என்ன செய்யலாம்? புதிதாக ஒரு போர் போடும் முன், அதே வட்டாரத்தில் நின்றுபோன பம்பு எத்தனை என்று அங்கே மாவட்டத் தண்ணீர் அலுவலகத்தில் கேளுங்கள். ஒரு புது பம்பின் செலவில் பல பழைய பம்புகளை எழுப்பிவிடலாம், அம்மா பெயரை அதிலும் எழுதலாம். புதிதுதான் என்றால், தண்ணீரின் பிஎச் பார்த்த பிறகே பைப் வாங்கச் சொல்லுங்கள், என்ன பைப் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும், வறட்சிக் காலத்தில் ஊற்று எவ்வளவு என்று சோதிக்காமல் முழுப் பணத்தையும் விடுவிக்காதீர்கள். திரட்டும் தொகையில் ஒரு பங்கைத் தனியாக வைத்து, அந்த வட்டாரத்து ஃபுண்டிக்கு வருடா வருடம் போய்ப் பார்க்கும் கூலியாகவும் உதிரிபாகமாகவும் பத்து வருடத்துக்குக் கொடுங்கள். திறப்பு விழாப் படம் இருக்கட்டும். மூன்றாம் வருடம், ஐந்தாம் வருடம், காலை ஆறு மணிக்கு அந்த பம்படியில் யார் வரிசையில் நிற்கிறார்கள் என்ற படத்தையும் கேட்டு வாங்கி உங்கள் ஆண்டு மலரில் போடுங்கள்.

நான் சொன்ன அந்த ஊரில் பைப்பை மாற்றுவதற்காக, ரிப்பன் வெட்டிய குடும்பத்தைத் தேடிப் பிடிக்க எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. அவர்களுக்கு விஷயமே தெரியாது, கேட்டதும் அழுதுவிட்டார்கள், அதே வாரம் பணம் அனுப்பினார்கள். அந்த எட்டு மாதமும் ஊர் சதுப்புத் தண்ணீரைத்தான் குடித்தது. உங்கள் பலகை நிற்கும் ஊர்களுக்கு இந்த வாரமே ஒரு போன் போட்டு, டீ என்ன நிறத்தில் வருகிறது என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்