புற்றுநோய் ஆராய்ச்சி செய்யிறவங்களுக்கு தேயிலத் தோட்டத்துல இருந்து ஒரு திறந்த மடல்

டொக்டர்மாருக்கும், கெம்பஸ்ல இருந்து போம் தூக்கிட்டு வர்ற சேர், மிஸ்மாருக்கும் வணக்கம்.

நோயாளியையும் பாத்துக்கிற ஆளையும் சேத்து வருஷக்கணக்கா விசாரிக்கிறீங்க, நல்ல வேலதான். ஆனா ஆராய்ச்சியில சேந்த ஆக்கள் பாதியில கொறஞ்சா தோட்டத்து ஆக்களுக்கு அக்கறை இல்லன்னு எழுதிப்புடாதீங்க.

எங்க லயத்துல, அதான் வரிசையா இருக்கிற வீட்டுல, காம்பராவுக்கு தனி விலாசமே இல்ல, தோட்டத்து பேருக்கு வர்ற கடிதம் ஒபீஸ்ல கெடக்கும். போன் நம்பரும் அப்படித்தான், புத்து வந்த எங்க அம்மா உங்களுக்கு குடுத்தது தம்பியோடது, அவன் கொழும்புல கடையில நிக்கிறான், சிம்ம மாத்திட்டான். 2025 நவம்பர்ல டிட்வா புயலோட மண்சரிவு வந்தப்ப எத்தன குடும்பம் லயத்த விட்டு ஸ்கூல்லயும் கோயில்லயும் போய் கெடந்துச்சு, அவங்கள எங்க தேடுவீங்க? சேக்கிற அன்னைக்கே பக்கத்து காம்பரா நம்பர், சொந்தக்காரங்க நம்பர்னு ரெண்டு மூணு கேட்டு வாங்கிக்கங்க.

மஹரகம புத்து ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு போறதுன்னா விடியுறதுக்கு முந்தியே ஹட்டன்ல பஸ் ஏறணும், எனக்கு அன்னைக்கு வேலைக்கு பேர் விழாது, சம்பளமும் இல்ல, இதுல உங்க கேள்விக்குன்னு இன்னொரு நாள் வரச்சொன்னா எப்படி வாறது? கிளினிக் நாள்லயே கேளுங்க, இல்லாட்டி பின்னேரம் கொழுந்து எடை போட்ட பிறகு போன் எடுங்க. பஸ் காசோட கூட வர்ற ஆளோட ஒரு நாள் சம்பளத்தையும் பட்ஜெட்ல போடுங்க.

அம்மாவுக்கு வாயில புத்து, வெத்தில பாக்கு போயில பழக்கம். ரேடியேஷனுக்கு பிறகு வாய் வரண்டு புண்ணாகி பேசவே ஏலாது, அவங்ககிட்ட போன்ல நீளமா கேள்வி கேட்டா யாரு பதில் சொல்றது? ரொம்ப முடியாதவங்களும் தூரத்து ஆக்களும்தான் மொதல்ல விடுபடுறாங்க. மிச்சம் நிக்கிறவங்கள மட்டும் வச்சு கணக்கு போட்டா எல்லாரும் சொகமா இருக்காங்கன்னுதானே வரும்.

நினைச்ச நேரம் விலகலாம்னு, மனுஷங்கள வச்சு செய்யிற ஆராய்ச்சிக்கு உலக டொக்டர்மார் சங்கம் எழுதின ஹெல்சிங்கி பிரகடனத்துலயே இருக்கு, அதனால கெஞ்ச வேணாம். ஆனா கேள்விய நிப்பாட்டிட்டு ஆஸ்பத்திரி ரிப்போட்ட மட்டும் பாக்க சம்மதமான்னு கேக்கலாம், நிறைய பேர் சரின்னுதான் சொல்லுவாங்க.

பக்கத்து லயத்து அக்காவோட வீட்டுக்காரர் செத்து காரியம்கூட முடியல, ஐயா இருக்காரான்னு ஒரு ஆராய்ச்சியில இருந்து போன். கிளினிக்ல ஒரு வார்த்த விசாரிச்சிட்டு எடுத்திருக்கலாமே! சொன்னதும் வச்சிட்டாங்க, பாத்துக்கிட்ட ஆளா சேத்த அக்காவ அதுக்கு பிறகு ஒருத்தரும் தேடல.

முடிவு வந்ததும் தோட்டத்துக்கு வந்து தமிழ்ல சொல்லுங்க. ஞாயித்துக்கிழமையா பாத்து வாங்க, அன்னைக்குத்தான் எல்லாரும் வீட்ல இருப்போம்.